தொண்ணூறாம் நம்பர் ஆயில்

அத்தியாயம் 17

போன வாரம் கார்குழலியைத் தூங்கவிடாமல் விட்டுவிட்டு நாம் மட்டும் நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொண்டோம். "காலைல உன் கம்பெனி கேட்டாண்ட வரேன்க்கா. வூட்ல யாருக்கும் தெரிய வேணாம்" என்று தம்பி வல்லரசு போனில் சொன்ன அந்த ஒரு வரி அவளை விடிய விடியப் புரட்டிப் போட்டது. பக்கத்தில் லியோனார்ட் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கல்யாணமான பதினான்கு மாதத்தில் அந்தக் குறட்டை மீது அவளுக்கு எரிச்சல் வந்தது அன்றைக்குத்தான்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பதினான்கு மாதமாக மகள் பேரையே எடுக்காத அப்பா பரசுராமன், அம்மா கோவிந்தம்மா மூக்கைச் சிந்திச் சிந்திக் கேட்டதில், "சரி, ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வந்து ஒரு வாய் துன்னுட்டுப் போவட்டும்" என்று இறங்கி வந்திருந்தார்.

தன் மிலிட்டரி லாரிக்கு ஐந்து வருஷம் மெக்கானிக்காக இருந்த ராயபுரத்துப் பையன், சொல்லாமல் கொள்ளாமல் தன் பெண்ணை ரிஜிஸ்தர் ஆபீஸுக்குக் கூட்டிப் போனதை அவர் மன்னித்துவிடவில்லை. மறந்து பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். பரசுராமன் விஷயத்தில் அதுவே பெரிது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சின்னக் கீறல்கூட விழக்கூடாது என்று குழலி வேண்டாத சாமி இல்லை. லியோனார்டின் மாதாவையும் சேர்த்துத்தான்.

திருவொற்றியூரில் அவள் வேலை பார்க்கிற ஆயில் கம்பெனியின் கேட்டில் ஒன்பது மணிக்கெல்லாம் வல்லரசு நின்றான். கையில் அழுக்குத் துணி சுற்றிய ஒரு தண்ணீர் பாட்டில்.

"இன்னாடா இது?"

"நைனா லாரி கியர் பொட்டி ஆயிலுக்கா. நேத்து சாயந்தரம் கீழ போல்ட்ட லூஸ் பண்ணி கொஞ்சமா புடிச்சேன். பத்து நாளா ரிவர்ஸ் நிக்க மாட்டுது. போட்டா தானா கயண்டுகினு வந்துருது. நீதான் லேப்ல கீறியே, இன்னான்னு பாத்து சொல்லு."

"நைனாவாண்ட சொல்ல வேண்டிதுதானே?"

வல்லரசு அவளை முறைத்தான். "சொன்னா மொத கேள்வி இன்னா கேப்பாரு? பொட்டிய எவன்டா தொறந்தான்னு கேப்பாரு. நா இன்னான்னு சொல்றது? மாமான்னு சொல்றதா?"

குழலி பாட்டிலை வாங்கிக் கைப்பைக்குள் திணித்தாள்.

விஷயம் இதுதான். மார்ச் மாதம் பரசுராமன் கண் ஆபரேஷன் செய்துகொண்டு இருபது நாள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. அந்த லாரிக்கு அவரைத் தவிர வேறு யாரும் ஆயில் ஊற்றியது கிடையாது. ஏப்ரல் பதினைந்தில் மீன்பிடித் தடை தொடங்கினால், எண்ணூர் கரையில் படகுகளை வரிசையாக மேலே இழுத்துப் போட அந்த லாரியைத்தான் கூப்பிடுவார்கள். அதற்குள் ஆயில் மாற்றியாக வேண்டும். வல்லரசு ரகசியமாக அக்கா புருஷனைக் கூப்பிட்டான். லியோனார்டும் போய், மாமனார் வீட்டு வாசல்படி மிதிக்காமல், லாரி நிற்கிற ஷெட்டோடு மாற்றிவிட்டு வந்துவிட்டான். இது இன்று வரை பரசுராமனுக்குத் தெரியாது.

"இன்னிக்கு லாரிக்கு வேல கீதா?" என்று கேட்டாள்.

"ஜெயவேல் அண்ணன் போட்ட கடல்ல எறக்கணும். ரிப்பேர் முடிஞ்சி கரைலதான் நிக்குது. இன்னியோட தடை முடியுது இல்ல? ராத்திரிக்கு எல்லாரும் கடலுக்குப் பூடுவாங்க, அவரு போட்டு மட்டும் மண்ணுல குந்திகினு இருந்தா நல்லாவா இருக்கும்? பன்னெண்டரைக்கு தண்ணி ஏறி நிக்கும், அப்பதான் எறக்க முடியும்."

"நா போன் பண்ற வரைக்கும் வண்டிய எடுக்காத."

"நா எடுக்காம இருந்துருவேன். நைனா?" என்று கேட்டுவிட்டு அவன் பைக்கை உதைத்தான்.

லேபில் மற்றவர்கள் டீக்குப் போய் அவள் தனியாகும்போது மணி பதினொன்று. பாட்டிலைத் திறந்ததுமே கந்தக வாடை மூக்கைத் துளைத்தது. கொஞ்சம் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள்.

கறுத்துப்போன ஆயிலுக்குள் பொன்னிறத்தில் பொடிப்பொடியாக மினுங்கியது. சின்னப் பெண்கள் கன்னத்தில் பூசுகிற ஜிகினா மாதிரி.

காந்தத்தைக் குழாய் மீது வைத்து இழுத்துப் பார்த்தாள். ஒரு துகள்கூட ஒட்டி வரவில்லை. இரும்பு என்றால் வந்திருக்கும். இது பித்தளை.

குழலி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

தினமும் அவள் செய்கிற வேலையே அதுதான். பளபளவென்று தேய்த்த செம்புப் பட்டையைச் சூடான ஆயிலில் போட்டு, மூன்று மணி நேரம் கழித்து எடுத்து, எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்த்து எழுதுவது. எந்த ஆயில் செம்பையும் பித்தளையையும் அரிக்கும், எது அரிக்காது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அப்படிப்பட்டவள் மார்ச் மாதம் ஒரு நாள், நெரிசலான பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, அரை நிமிஷத்தில் தம்பிக்குச் சொன்ன பதில் இப்போது வரி மாறாமல் காதில் கேட்டது.

'இன்ஜினுக்கு இப்ப ஊத்தற அதே நாப்பதாம் நம்பரே ஊத்து. புதுசா வர்ற ஆயிலுலாம் அந்தக் காலத்து இன்ஜினுக்கு வேணாம், உள்ள படிஞ்சிகீற கசடெல்லாம் கெளப்பிவுட்டு ஓட்டைய அடச்சிரும். கியருக்கு தொண்ணூறு. ஜி.எல். அஞ்சு. இருக்கறதுலயே ஒசத்தி அதுதான்.'

இன்ஜினுக்குச் சொன்னது சரி. பின் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கிற கிரவுனுக்கும் அந்தத் தொண்ணூறு சரி. பல்லோடு பல் அரைபடுகிற இடம், கந்தகம் கலந்த ஆயில்தான் தாங்கும். ஆனால் அந்தக் கந்தகம் பித்தளையைத் தின்றுவிடும். கியர் பெட்டி? அதற்குள் பித்தளை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்கவில்லை. உசத்தியானதை அப்பா வண்டிக்கு ஊற்றுகிறோம் என்ற பெருமைதான் அவளுக்கு அப்போது இருந்தது.

லியோனார்டுக்குப் போன் போட்டாள்.

"லியோ, நைனா லாரி கியர் பொட்டிக்குள்ள பித்தளை கீதா?"

"கீதே. ரிவர்ஸ் பல்லு சுத்தற வளையம், அந்தப் பெரிய புஷ்ஷே பித்தளைதான். ஏன்?"

"தெரிஞ்சுகினேவா அந்த ஆயில ஊத்துன?"

அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் நின்றது. "நீ சொன்னேன்னு அரசு சொன்னான். நீ லேப்ல கீற, உனுக்குத் தெரியாததா எனுக்குத் தெரியப் போவுதுன்னு ஊத்திட்டேன்."

"நீ அஞ்சு வருஷம் அந்த வண்டிய பாத்தவன், தப்புன்னா நீ சொல்லுவன்னு நா நெனச்சேன்."

புருஷன் பெண்டாட்டி ஒருவரை ஒருவர் இவ்வளவு நம்பினால் ஊர் தாங்குமா? கியர் பெட்டி தாங்கவில்லை.

"உங்க நைனா இன்ஜின் ஆயிலத்தான் அந்தப் பொட்டிலயும் ஊத்துவாரு கொயலி" என்றான் லியோனார்ட் மெல்ல. "டின்னுல மிச்சம் ஆவுறத வேஸ்ட் பண்ண மனசு வராம ஊத்தறாருன்னு நா நெனச்சேன். அரசும் நானும் சிரிச்சிகூட கீறோம். நா இப்பவே எண்ணூருக்குப் போறேன்."

"நீ போவாத! உன்ன அங்க பாத்தாருன்னா வண்டிய நிறுத்த மாட்டாரு, உன் மேலயே ஏத்துவாரு. நா போறேன்."

"போய் இன்னா சொல்லுவ?"

கியர் நிற்காது என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார். ஆயில் என்று சொன்னால், யார் ஊற்றினது என்பார். எந்தப் பக்கம் சுற்றினாலும் லியோனார்ட் பேரில்தான் போய் நிற்கும். அப்புறம் ஏது ஞாயிற்றுக்கிழமை?

வல்லரசுக்கு நாலு தடவை அடித்தாள். ஐந்தாவது தடவை எடுத்தான். பின்னால் இன்ஜின் இரைச்சல்.

"அரசு, வண்டிய எடுக்காத! புஷ்ஷு பூடுச்சு, ரிவர்ஸ் நிக்காது!"

"எடுத்தாச்சுக்கா. கரைக்கு வந்தாச்சு. நைனா தண்ணில எறங்கி நின்னுகினு கீறாரு. நா மெதுவா..."

"உனுக்கு மூள கீதாடா? நைனாவாண்ட சொல்லு!"

"நீயே வந்து சொல்லு" என்றான். குரல் அழுகிற மாதிரி இருந்தது. போன் கட்டாகிவிட்டது.

சூப்பர்வைசரிடம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றாள். பொய் என்று அவளுக்கே தோன்றவில்லை.

ஆட்டோ எண்ணூர் நெடுஞ்சாலையில் ஏறியதும் கன்டெய்னர் லாரிகள் வால் மாதிரி நீண்டு நின்றன. பதினொன்றே முக்கால். டிரைவர் சந்து பொந்தெல்லாம் நுழைந்தும் கத்திவாக்கம் தாண்டப் பன்னிரண்டு பத்து. அதற்கு மேல் நகரவில்லை. ஆட்டோவை விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முகத்துவாரத்துக்குப் போகிற மணல் பாதையில் ஓடினாள்.

அந்த வேலையைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. சரிவான கரையில் உருளைக் கட்டைகள் மீது படகு நிற்கும். அதற்கு மேலே, படகுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லாரி. லாரியின் பின் கொக்கியிலிருந்து படகுக்கு இரும்புக் கயிறு. லாரி ரிவர்ஸில் அங்குலம் அங்குலமாக இறங்க இறங்க, படகும் தன் கனத்தில் தண்ணீரை நோக்கி உருளும். இரண்டு பக்கமும் நாலு நாலு பேர் கட்டை மாற்றிப் போடுவார்கள். இவ்வளவு கனத்தையும் பிடித்து நிறுத்துவது அந்த ரிவர்ஸ் கியர் ஒன்றுதான். அது கழன்றால், பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் மணலில் சக்கரம் வழுக்கும். படகு லாரியையும் இழுத்துக்கொண்டு இறங்கும். முதலில் அது யார் மீது ஏறும் என்றால், இடுப்பளவு தண்ணீரில் படகுக்கு நேர் எதிரே நின்றுகொண்டு துண்டை ஆட்டி வழி சொல்கிறவர் மீது.

பரசுராமன் அங்கேதான் நின்றார்.

படகு பாதி இறங்கியிருந்தது. லாரியின் ஜன்னலில் வல்லரசு ஒரு கையால் கியர் ராடை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டு, தலையை வெளியே நீட்டி, அப்பாவின் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா ஓடி வருவதைக் கண்டதும் முகம் பேயறைந்ததுபோல் ஆனது.

"நிறுத்துடா!" என்று கத்தினாள். இன்ஜின் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

குழலி யோசிக்கவில்லை. கரையைச் சுற்றி ஓடி, புடவையோடு தண்ணீரில் இறங்கி, அப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"நைனா, வண்டிய நிறுத்தச் சொல்லு."

பரசுராமன் திரும்பவில்லை. துண்டை இன்னொரு தரம் ஆட்டினார். படகு ஒரு முழம் இறங்கியது.

"வூட்டு விஷயம்னா ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம்" என்றார், படகைப் பார்த்துக்கொண்டே. பதினான்கு மாதத்தில் அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. வேறு சமயமாக இருந்தால் அங்கேயே அழுதிருப்பாள்.

"வூட்டு விஷயம் இல்ல. கியர் பொட்டில ஊத்துன ஆயில் தப்பு. உள்ள கீற பித்தளைய அரிச்சிருச்சி. ரிவர்ஸ் எப்ப வேணா கயண்டுக்கும்."

"என் வண்டிக்கு ஆயில் ஊத்துறது நானு. முப்பது வருஷமா அரிக்காதது இப்ப அரிக்குதா? போ, ஓரமா நில்லு."

பல்லைக் கடித்துக்கொண்டாள். இதோ, இந்த இடம்தான். இப்போது வாயை மூடிக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. அம்மா வஞ்சிரம் வறுப்பாள். லியோனார்ட் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் செருப்பை விடுவான். ஒருவேளை கியர் நின்றாலும் நிற்கும்.

படகு இன்னொரு அரை முழம் இறங்கியது.

"நீ ஊத்தல நைனா" என்றாள். "நீ கண்ணு ஆபரேஷன் பண்ணிகினு படுத்திருந்தப்போ மாத்தியாச்சு. இன்னா ஊத்தணும்னு சொன்னது நானு. நாந்தான் தப்பா சொன்னேன்."

அப்போதுதான் அவர் அவளைப் பார்த்தார். ஆபரேஷன் செய்த கண்ணில் நீர் கோத்திருந்தது, வெயிலால் இருக்கலாம். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. துண்டைத் தலைக்கு மேல் உயர்த்தி முறுக்கிப் பிடித்தார்.

"கட்டை போடுங்கடா! சக்கரத்துக்குக் கட்டை போடு! எல்லாரும் போட்ட வுட்டு வெலகு!"

ஆட்கள் உருளைக் கட்டைகளைத் தூக்கி லாரியின் பின் சக்கரங்களுக்கு அடியில் போட்டார்கள். இரண்டாவது கட்டை விழுந்த கையோடு, லாரிக்குள் யாரோ சம்மட்டியால் அடித்ததுபோல் ஒரு சத்தம். வல்லரசின் கையை உதறிவிட்டுக் கியர் ராடு முன்னால் வந்து விழுந்தது. லாரி பின்னால் சரிந்து, கட்டைகளை மணலுக்குள் அழுத்தி, அவற்றின் மீது பாதி ஏறி, நின்றது. படகு இரண்டு முழம் வழுக்கி வந்து கயிற்றின் இறுக்கத்தில் நின்றது. மரமெல்லாம் முனகியது.

படகின் மூக்கு, சற்று முன் பரசுராமன் நின்ற இடத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் மகளின் மணிக்கட்டைப் பிடித்து ஓரமாக இழுத்திருந்தார். அந்தப் பிடி வலித்தது. அவருக்கே பிறகுதான் தெரிந்து, கையை விட்டார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஜெயவேல் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு "என் போட்டு, என் போட்டு" என்று இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, படகைப் பிடித்து இறக்க ஜே.சி.பி. கேட்பதற்குப் பக்கத்து யார்டுக்கு ஓடினார்.

பரசுராமன் கரையேறி, லாரியின் படியில் உட்கார்ந்தார். வல்லரசு இறங்கி வந்து எதிரே நின்றான்.

"ஏலத்துல எடுத்த அன்னிக்கு அந்த மிலிட்டரி டிரைவர் கதவுல கீற பிளேட்ட படிச்சுக் காட்டுனான்" என்றார் பரசுராமன், பொதுவாக. "இன்ஜினுக்கும் பொட்டிக்கும் ஒரே ஆயிலு, கிரவுனுக்கு மட்டும் கெட்டி ஆயிலுன்னு. ஏன்னு நானும் கேக்கல, அவனும் சொல்லல. பெயின்ட் அடிச்சப்போ பிளேட்டு மறஞ்சி பூடுச்சு. நானும் ஊத்திகினு வந்தேன்."

"மிச்சம் புடிக்கத்தான் ஊத்தறன்னு நெனச்சோம் நைனா" என்றான் வல்லரசு.

"அதுவும்தான்" என்றார். சிரிக்கவில்லை. குழலி பக்கம் திரும்பினார். "சொன்னது நீ. சரி. ஊத்துனது யாரு?"

வல்லரசு வாயைத் திறந்தான். குழலி கையைக் காட்டி அவனை அடக்கினாள்.

"அவருதான்."

"அவருன்னா?"

"என் வூட்டுக்காரரு. லியோனார்டு. அரசு கூப்புட்டான், வந்தாரு. உன் வூட்டுப் படிய மிதிக்கல. வேலைய முடிச்சிட்டு அப்பிடியே போயிட்டாரு."

பரசுராமன் ஈரத் துண்டைப் பிழிந்தார். சொட்டு நிற்கிற வரைக்கும் பிழிந்தார். அதற்கு அப்புறமும் பிழிந்தார்.

"ஞாயித்துக்கிழமை அவன் வர வேணாம்" என்றார்.

குழலி எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தது நடக்கும்போது வலிக்காது என்று யார் சொன்னது?

"இப்ப வரச் சொல்லு" என்றார் அவர். "பொட்டிய தொறக்கணும். அவன் பூட்டுனத அவன்தான் தொறக்கணும். போன் போடு."

உடனே போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான். நடந்ததை மூச்சு விடாமல் சொன்னாள். நைனா கூப்பிடுகிறார், உன்னைத்தான், இப்பவே வா என்றாள். சந்தோஷத்தில் இரண்டு தடவை சொன்னாள்.

அந்தப் பக்கம் ஸ்பேனரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"எல்லாரும் நல்லா கீறாங்க இல்ல?" என்றான்.

"ஆங். நீ கெளம்பு."

"வர மாட்டேன் கொயலி."

"லியோ..."

"ஆயில் மாத்தி ஊத்துன மெக்கானிக்கா அந்தாளு முன்னாடி கையக் கட்டிகினு வந்து நிக்க மாட்டேன். கல்யாணம் பண்ணிகினு வந்த அன்னிக்கு தெருவுல வச்சி செருப்பத் தூக்கி வீசுனாரே, அது எனுக்கு மறக்கல. தப்பு என்னுதுதான். புது புஷ்ஷு கடஞ்சி என் செலவுல மாட்டித் தரேன். ஆனா மருமகனேன்னு அவரு வாயால கூப்புட்டாதான் வருவேன்."

குழலி போனைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டாள். அவன் குரல் வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று. கேட்டுவிட்டது. பழைய போன், ஸ்பீக்கர் போடாமலே ஊருக்குச் சொல்கிற ரகம்.

பரசுராமன் லாரிப் படியிலிருந்து எழுந்தார். முகத்தில் கோபமா, வேறு ஏதாவதா என்று இருபத்தொன்பது வருஷம் பார்த்த மகளாலும் சொல்ல முடியவில்லை. அவள் எதிரே வந்து நின்று, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

"குடு" என்றார்.

அவள் கொடுத்தாள்.